இரவுப் படம் ஆடாமல் இருக்க: டிரைபாடா, லென்ஸ் ஸ்டெபிலைசேஷனா?

தை மாதத் தெப்பத் திருவிழாவன்று மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் பொழுது சாயும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் நடுவே மைய மண்டபம் விளக்கொளியில் நிற்கிறது. மீனாட்சியும் சுந்தரேசுவரரும் எழுந்தருளிய தெப்பம், வரிசை வரிசையாகப் பல்புகள் எரிய, வடத்தால் இழுபட்டு மெல்ல நகர்கிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பெருங்கூட்டம். அப்பா தோளில் உட்கார்ந்த குழந்தைகள், கும்பிட்ட கைகள். கேமரா வைத்திருப்பவருக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் ஆடிப்போயிருக்கும்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் கேட்கிறார்கள்: டிரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) வாங்கட்டுமா, ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) உள்ள லென்ஸ் வாங்கட்டுமா? அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆடியது எது? கேமராவா, எதிரில் இருந்த ஆளா? டிரைபாடும் ஸ்டெபிலைசேஷனும் கேமராவின் ஆட்டத்தை மட்டுமே அடக்கும். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பணம் செலவழித்தவர்கள் நிறையப் பேர். நானும் முதல் வருடம் அப்படித்தான் போனேன். மண்டபம் கல் கல்லாகத் தெரிந்தது, முகங்கள் எல்லாம் கரைந்திருந்தன.

முதலில் கணக்கு

கையில் பிடித்து எடுக்கும்போது எந்த ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) வரை நம்பலாம் என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எவ்வளவோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்கு. 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 நொடி, 200 மி.மீ. என்றால் 1/200. இது முழு ஃபிரேம் கேமராவுக்கான, அதாவது படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள கேமராவுக்கான கணக்கு. தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். அதற்கு 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கேனன் என்றால் 1.6. ஆக 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 1/80, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/300.

அடுத்துத் தெரிய வேண்டிய சொல் ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது. 1/80 இலிருந்து 1/40 க்கு வந்தால் ஒரு ஸ்டாப். 1/20 இரண்டு, 1/10 மூன்று, 1/5 நான்கு. லென்ஸ் பெட்டியில் "4 ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன்" என்று போட்டிருந்தால் அதற்குப் பொருள், 1/80 இல் எடுக்க வேண்டிய படத்தை 1/5 வரை இறக்கி எடுக்கலாம் என்பது. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் முறையாக அளந்தது. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நிற்கும்போது அவ்வளவு கிடைக்காது. என் கையில் இரண்டரை அல்லது மூன்று ஸ்டாப்தான் தைரியமாக நம்ப முடிகிறது. உங்கள் கைக்கு எவ்வளவு என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம். இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ளது அந்தச் சோதனைதான் என்று நினைக்கிறேன்.

ஒரு தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டுங்கள். இரவில், ட்யூப் லைட் வெளிச்சத்தில், ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 55 இல் வையுங்கள். ஷட்டர் வேகத்தை நாம் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றி, ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனின் அளவு) ஆட்டோவில் விடுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு 1/80, 1/40, 1/20, 1/10, 1/5 என்று ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து படம் எடுங்கள். அப்புறம் அதைப் போட்டுவிட்டு அதே போல் இன்னொரு முறை. கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தேதிக்குக் கீழே இருக்கும் ராகு காலம், எமகண்டம் எழுத்துகள் ஐந்தில் எத்தனை படங்களில் படிக்கும்படி இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஐந்தில் நான்காவது தேறும் வேகம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. அதைத் தாளில் குறித்துக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காபி குடித்த பிறகு எடுத்தால் எண் மாறும், மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கும்போது எடுத்தாலும் மாறும். அதையும் ஒருநாள் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெபிலைசேஷன் என்ன செய்கிறது

லென்ஸுக்குள் சிறிய கைரோ சென்சார்கள் இருக்கின்றன. கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவை உணரும். அதற்கு எதிர்ப்பக்கமாக உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி நகர்ந்து, படம் சென்சாரில் ஒரே இடத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளும். எஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள) கேமராக்களுக்கான மாற்று லென்ஸில் இது முதலில் வந்தது 1995 இல், கேனனின் 75-300 ஜூமில். கேனன் இதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், டேம்ரான் விசி, சிக்மா ஓஎஸ், சோனி ஓஎஸ்எஸ். பெயர்தான் வேறு. இப்போது பல கேமராக்களில் சென்சாரே நகர்கிறது. மினோல்டா 2003 இல் அந்த வழியைத் தொடங்கியது. அப்படிப்பட்ட கேமரா உங்களிடம் இருந்தால் எந்த லென்ஸ் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு.

பயன்படுத்தும் முறையில் பலர் விடும் தவறு அவசரம். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் லென்ஸிலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் கேட்கும். உடனே முழுக்க அழுத்திவிடக் கூடாது. ஒரு நொடி பொறுங்கள். வியூஃபைண்டரில் காட்சி மிதந்து, பிறகு ஓரிடத்தில் அமர்வது கண்ணுக்கே தெரியும். அப்போது அழுத்துங்கள்.

கையும் ஒத்துழைக்க வேண்டும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டி, ஒரு கால் சற்று முன்னால். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அழுத்த வேண்டும். தூணோ மின்கம்பமோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுப்பதும் நல்ல வழி. முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் விரல் அழுத்துவதாலும் எடுப்பதாலும் ஆட்டம் இருக்கும், நடுவில் இருப்பது பெரும்பாலும் தேறும்.

டிரைபாடை நிறுத்துவது

நிற்கிற பொருளுக்கு டிரைபாடுக்கு ஈடே இல்லை. இருட்டு எவ்வளவு இருந்தாலும் ஐஎஸ்ஓவை 100 இல் வைத்து, எஃப்/8 அபர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது), நான்கு நொடியோ இருபது நொடியோ திறந்து வைக்கலாம். நிழலில் புள்ளி புள்ளியான இரைச்சல் வராது, முன்னும் பின்னும் எல்லாம் தெளிவாக இருக்கும். ஆனால் டிரைபாடை விரித்து வைத்துவிட்டால் மட்டும் போதாது.

கால்களை நீட்டும்போது தடிமனான மேல் பகுதியை முதலில் இழுங்கள். மெல்லிய கீழ்ப் பகுதியைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும். நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் மூன்று கால் மேல் ஒற்றைக்கால் நிற்பது போல் ஆகிவிடும். ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் இருக்கட்டும், கனமான லென்ஸ் முன்பக்கம் சாயாது, பின்னால் நீங்கள் நிற்கவும் இடம் கிடைக்கும். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடுங்கள், ஆனால் காற்றில் ஊஞ்சலாடாதபடி பையின் அடி தரையைத் தொடட்டும். கழுத்துப் பட்டை காற்றில் படபடத்தாலும் படம் ஆடும், அதைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுற்றிக் கட்டுங்கள். மணலில் நிறுத்தினால் கால்களை ஓர் அங்குலமாவது அழுத்திப் புதையுங்கள். பாலத்தின் மேல் நிறுத்தினால் லாரி போகும்போது பாலமே அதிரும், அது கடந்து போகும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், விரலால் பொத்தானை அழுத்தாதீர்கள். இரண்டு நொடி டைமரைப் போடுங்கள், ரிமோட் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியைப் பார்த்து) எடுங்கள். கண்ணாடி எகிறும் அதிர்வு 1/30 முதல் ஒரு நொடி வரையிலான வேகங்களில் நன்றாகவே தெரியும்.

ஃபோகஸும் டிரைபாடில் எளிது. லைவ் வியூவில் விளக்கெரியும் ஓர் ஓரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அந்த ஓரம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடி அலையாது.

இன்னொன்று: டிரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷன் சுவிட்சை அணையுங்கள். அசைவே இல்லாத இடத்தில் அது இல்லாத அசைவைத் துரத்தும். உள்ளே கண்ணாடி நகரும் அதிர்வையே சென்சார் உணர்ந்து திருத்தப் பார்க்கும், நான்கு நொடிப் படத்தில் அது மெல்லிய கலங்கலாகப் பதியும். டிரைபாடில் இருப்பதைத் தானே கண்டுகொள்ளும் லென்ஸ்களும் வந்துவிட்டன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று தெரியாவிட்டால் அணைத்துவிடுவது பாதுகாப்பு.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. மொபைலுக்கென்று விற்கும் மெலிந்த கால் டிரைபாடில் டிஎஸ்எல்ஆரை வைக்காதீர்கள். கேமராவும் லென்ஸும் சேர்ந்து என்ன எடையோ, அதைப் போல் இரு மடங்காவது தாங்கும் என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். கடையிலேயே முழுக்க விரித்து, தலைப்பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வு உடனே அடங்க வேண்டும்.

எதிரில் இருப்பது அசைந்தால்

இங்கேதான் தெப்பக்குளத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரே காட்சியில் மூன்று வேலை இருக்கிறது.

மைய மண்டபம் அசையாது. சூரியன் மறைந்து இருபது, முப்பது நிமிடத்தில் வானம் கருநீலமாகும். அந்த நீலமும் விளக்கொளியும் சமமாக இருக்கும் நேரம் கால் மணிக்கு மேல் நீடிக்காது. டிரைபாடில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 4 நொடி என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பரப்பின் சிற்றலைகள் எல்லாம் அந்த நான்கு நொடியில் ஒன்றாகக் குழைந்து, பிரதிபலிப்பு பட்டுத் துணி போல வரும். கையில் பிடித்து எடுத்தால் இது வராது.

தெப்பம் நகர்கிறது. நான்கு நொடியில் ஓரிரு மீட்டர் நகர்ந்துவிட்டால் பல்புகள் எல்லாம் கோடாக இழுத்துக்கொள்ளும். ஆனால் 1/10 நொடியில் அது நகர்வது சில சென்டிமீட்டர்தான், இத்தனை தூரத்திலிருந்து அது தெரியாது. அதே வெளிச்சத்தில் 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 800 வைத்தால் 1/10 கிடைக்கும். 18 மி.மீ. லென்ஸுக்குக் கை தாங்கும் எல்லை ஏறத்தாழ 1/30. அதிலிருந்து ஒன்றரை ஸ்டாப் இறங்கினால் 1/10. ஸ்டெபிலைசேஷன் அதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். மெல்ல நகரும் பொருள், டிரைபாட் விரிக்க இடமில்லாத கூட்டம்: அது பிறந்ததே இதற்காகத்தான் என்று சொல்வேன்.

மூன்றாவது, முகங்கள். கும்பிடும் பாட்டி, தோளில் துள்ளும் குழந்தை. இவர்களை 1/10 இல் எந்த லென்ஸும் உறைய வைக்காது. குறைந்தது 1/125 வேண்டும். ஓடியாடும் குழந்தைக்கும் கரகாட்டத்துக்கும் 1/250 க்கு மேல். 18-55 லென்ஸை 55 இல் வைத்தால் அபர்ச்சர் எஃப்/5.6 தான் திறக்கும், அதில் 1/125 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ கட்டுக்கடங்காமல் ஏறிவிடும். இங்கே கைகொடுப்பது 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். எஃப்/5.6 ஐ விட மூன்று ஸ்டாப்புக்கும் மேல் ஒளி வாங்கும். கேனன், நிக்கான் இரண்டிலும் எஸ்எல்ஆருக்கு வரும் இந்த விலை குறைந்த 50 இல் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அது இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். 1/125, எஃப்/1.8, ஐஎஸ்ஓ 3200. கொஞ்சம் இரைச்சல் வரும், வரட்டும். இரைச்சலோடு கூர்மையாக இருக்கும் முகத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக எடுத்தால் பிறகு மென்பொருளில் இரைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம், கரைந்த முகத்தைத் திருத்த வழியில்லை.

ஆகவே கையில் 18-55 ஏற்கெனவே இருப்பவருக்கு என் ஆலோசனை: ஆட்களை எடுக்கப் பிடிக்குமென்றால் அடுத்த பணத்தை 50 எஃப்/1.8 இல் போடுங்கள். கோபுரம், கடற்கரை, நகரத்தின் இரவு என்று போகிறவர் என்றால் உறுதியான டிரைபாட். ஸ்டெபிலைசேஷனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது 200, 300 மி.மீ. டெலி (தூரத்தை அருகில் காட்டும்) லென்ஸ் வாங்கும்போது நியாயம். அங்கே கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

டிரைபாட் வைக்க முடியாத இடங்களில்

தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். வாசலில் போய் வாதிடுவதில் பயனில்லை. திருவிழாக் கூட்டத்தில் அனுமதி பிரச்சினை இல்லாவிட்டாலும் விரிக்கக் கூடாது என்பேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருட்டில் வரும் ஒருவர் காலில் அது இடறினால் கேமரா உடைவது சின்ன விஷயம்.

இதற்கு நான் வைத்திருப்பது ஒரு மஞ்சப்பை. உள்ளே ஒரு கிலோ அரிசி, வாயை இறுக்கிக் கட்டியது. குளத்தின் கைப்பிடிச் சுவர் மேல் அதை வைத்து, நடுவில் குழி செய்து, கேமராவை அதில் அமர்த்தினால் அசையாது. லென்ஸ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் அரிசியை ஒதுக்கினால் போதும். இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிட்டால் நான்கு நொடிப் படமும் சுத்தமாக வரும். கழுத்துப் பட்டையைக் கையில் சுற்றி வைத்திருங்கள், கீழே தண்ணீர். ஊர் திரும்பியதும் அரிசி அடுப்படிக்குப் போய்விடும்.

மொபைலில் எடுப்பவர்களுக்கும் இதே வழிதான். நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. ஐபோனை அசையாமல் எதன்மேலாவது சாய்த்து வைத்தால் அதை உணர்ந்து, நல்ல இருட்டில் 30 நொடி வரை நேரத்தை நீட்டிக்கொள்ளும். கையில் பிடித்தால் அந்த நேரம் சில நொடிதான்.

அந்த இடத்திலேயே சரிபார்ப்பது

கேமராத் திரையில் சிறிதாகப் பார்த்தால் எல்லாப் படமும் நன்றாகத்தான் தெரியும். பெரிதாக்கி, தூரத்தில் தெரியும் ஒரு சின்ன பல்பைத் தேடுங்கள். பல்பு புள்ளியாக இருந்தால் கேமரா ஆடவில்லை. எல்லாப் பல்பும் ஒரே திசையில் காற்புள்ளி போல வால் விட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது மஞ்சப்பையை எடுங்கள். மண்டபத்துப் பல்பு புள்ளியாகவும் தெப்பத்துப் பல்பு கோடாகவும் இருந்தால் நகர்ந்தது தெப்பம். டிரைபாடைக் கழற்றி, ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளுங்கள். வால் எதுவும் இல்லாமல் பல்புகள் எல்லாம் உருண்டையாகப் பெருத்திருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஃபோகஸைத் திரும்பச் செய்யுங்கள்.

கடைசியாக, டிரைபாடிலிருந்து கேமராவை எடுக்கும்போது அணைத்த ஸ்டெபிலைசேஷன் சுவிட்சைத் திரும்பப் போடுங்கள். ஐஎஸ்ஓ இன்னும் 100 இலேயே இருக்கிறதா என்று பாருங்கள், ஃபோகஸ் இன்னும் கையால் திருப்பும் நிலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்றையும் மறந்துவிட்டு அடுத்த நாள் விடியலில் வைகைக் கரையில் ஒரு மணி நேரம் படம் எடுத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றிலிருந்து கேமராவைப் பையில் வைப்பதற்கு முன் சுவிட்ச், ஐஎஸ்ஓ, ஃபோகஸ் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன்.